டெக்சஸில் வீட்டுத் தவணை நின்றுபோனால்: எவ்வளவு அவகாசம், என்ன செய்யலாம்?

கேள்வி: டெக்சஸில் வீடு வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். லே-ஆஃபில் வேலை போய்விட்டது, இரண்டு தவணை பாக்கி. கடன் கம்பெனியிலிருந்து போன் மேல் போன். நான் எடுக்கவே இல்லை. வீட்டை எப்போது ஏலம் விடுவார்கள்?

பதில்: முதலில் அந்த போனை எடுங்கள். நாளைக்கே வீடு போய்விடாது. நீங்கள் குடியிருக்கும் வீடு என்றால், பாக்கி 120 நாளைத் தாண்டும்வரை ஏல நோட்டீஸ் விடக்கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. அதற்குப் பிறகுதான் வேகம் பிடிக்கும். டெக்சஸில் பொதுவாகக் கோர்ட் படியேறாமலே ஏலம் முடிந்துவிடும். பாக்கியைக் கட்டச் சொல்லி குறைந்தது 20 நாள் கெடு, அப்புறம் ஏலத்துக்கு 21 நாள் முன்னால் நோட்டீஸ், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஏலம். அவ்வளவுதான். வீட்டுக் கடனுக்கான (மார்ட்கேஜ்) ஏலம் முடிந்தபின் பணத்தைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை இங்கே கிடையாது.

நம்மவர்கள் பலர் செய்வது: தபால்காரர் கொண்டுவரும் சர்டிஃபைட் கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்காமல் விடுவது. "வாங்கினால்தானே நோட்டீஸ்" என்று நினைப்பு. டெக்சஸ் சட்டத்தில் அவர்களிடம் உள்ள உங்கள் கடைசி முகவரிக்குத் தபாலில் போட்ட அன்றே நோட்டீஸ் கொடுத்ததாகக் கணக்கு. நீங்கள் பிரித்துப் படித்தீர்களா இல்லையா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம், கடன் கம்பெனியிடம் தவணைச் சலுகை கேட்டுப் போடும் விண்ணப்பம். தவணையைக் குறைப்பது, பாக்கியைக் கடனின் கடைசியில் சேர்ப்பது, வீட்டை நீங்களே விற்க நேரம் தருவது எல்லாம் இதில் வரும். ஏலத் தேதிக்கு 37 நாளுக்கும் மேல் இருக்கும்போது முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு சொல்லாமல் ஏலத்தை நடத்த முடியாது. முடிவு சொல்ல அவர்களுக்கு 30 நாள். "முழுமையான" என்பதில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். பேங்க் ஸ்டேட்மென்டில் ஒரு பக்கம் விட்டுப்போனாலும் முழுமையில்லை என்று கடிதம் வரும். எனவே காலிப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் ஏற்றுங்கள், ஏற்றியதற்கான ரசீதை சேமித்து வையுங்கள். பாக்கி தீராத நிலையில் இரண்டாவது முறை விண்ணப்பித்தால் இதே பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பாதீர்கள். அரைகுறையாக அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம்.

விசாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வேலை போனால் 60 நாள் வரை அமெரிக்காவில் தங்கலாம் என்பது குடியேற்றக் கணக்கு. வீட்டுக் கடன் விதிகள் விசா பார்ப்பதில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டால், குடியிருக்கும் வீட்டுக்கான இந்தப் பாதுகாப்புகளில் பல போய்விடும். சாவியை விட்டுவிட்டுக் கிளம்புவது அதைவிட மோசம். ஏலத்தில் கடன் முழுசும் வராவிட்டால், மீதிக்காக இரண்டு வருடத்துக்குள் உங்கள்மீது வழக்குப் போடலாம். கடனைவிட வீட்டு விலை கூடுதலாக இருந்தால், ஏலம் வரும்வரை காத்திருக்காமல் விற்றுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. வெளிநாட்டிலிருந்தும் பவர் ஆஃப் அட்டார்னி கொடுத்து விற்கலாம்.

கேள்வி: நான் நியூஜெர்சி. எனக்கும் இதேதானா?

பதில்: 120 நாளும் 37 நாளும் அங்கேயும் உண்டு. ஆனால் நியூஜெர்சியில் கோர்ட் வழக்கு போட்டுத்தான் ஏலம் விட முடியும், அதனால் நேரம் கூடுதல். வழக்குத் தாள் கையில் வந்ததும் பதில் மனு போட 35 நாள். அதை விட்டுவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். கோர்ட்டே நடத்தும் சமரசப் பேச்சுவார்த்தைத் திட்டமும் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. பாக்கி பட்ட செய்தி எப்படியோ கசிந்து, "உங்கள் வீட்டைக் காப்பாற்றித் தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள்" என்று போன் வரும். கடன் கம்பெனி எழுத்தில் தரும் சலுகையை நீங்கள் ஏற்பதற்கு முன்னால் இப்படிக் கட்டணம் வாங்குவது மத்திய விதிப்படி தப்பு. ஹட் (HUD, அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறை) அங்கீகரித்த வீட்டுக்கடன் ஆலோசகர்கள் இதே வேலையை இலவசமாகச் செய்து தருவார்கள், விண்ணப்பம் நிரப்புவது உட்பட.