மறு: சங்க நிதி, சித்தப்பா எழுதிய மடல்

எல்லோருக்கும் வணக்கம். நான் உதவிக்குப் போகும் உணவு வங்கிக்கு, அதாவது கஷ்டப்படுகிற வீடுகளுக்கு மளிகைப் பொருளைச் சும்மா கொடுக்கும் இடத்துக்கு, நம் ஊர்ச் சங்க நிதியிலிருந்து பணம் தரும்படி கேட்டிருந்தேன். அதற்கு வந்த மடல்களுக்குத்தான் இந்தப் பதில்.

சித்தப்பாவின் மடலை வெள்ளிக்கிழமை இரவே படித்துவிட்டேன். கோபத்தில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்திருந்தேன்.

பேத்தியைப் பார்க்க வந்த இடத்தில், நம் ஊர்ப் பையன் ஒருவர் உணவு வங்கி வரிசையில் பையோடு நின்றதைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் போடவில்லை, சரி. ஆனால் இரண்டு பெண் குழந்தைகள், போன வருஷம் வேலை போனது என்றெல்லாம் எழுதிய பிறகு பெயர் எதற்கு? மறுநாள் மதியத்துக்குள் என்னிடம் நாலு பேர் ஃபோனில் கேட்டுவிட்டார்கள். அவருடைய அப்பா யார் யாருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

‘ஊர் மானம் போச்சு’ என்ற வரிதான் தாங்க முடியவில்லை. நானும் அந்த வரிசையில் நின்றவள், சித்தப்பா. ஏழு வருஷத்துக்கு முன்னால் இவருக்கு முதுகு ஆபரேஷன் ஆகி, ஐந்து மாதம் சம்பளம் இல்லை. வாடகையைக் கட்டினால் கடைக்குப் போகக் கையில் எதுவும் மிஞ்சாது. அந்த மாதங்களில்தான் இந்தக் குழுவில் எல்லோருடைய பழைய பள்ளிக்கூட போட்டோவுக்கும் நான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

முதல் நாள் அங்கே மேஜையில் இருந்த அம்மா என்னிடம் கேட்டது கொஞ்சம்தான். வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, எதுவும் ஒத்துக்கொள்ளாதா, அடுப்பு எரிகிறதா. கடைசிக் கேள்வி எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. இப்போது சனிக்கிழமைதோறும் அதே இடத்தில் பிரித்து அடுக்கும் வேலை செய்கிறேன், நன்றாகப் புரிகிறது. கரண்ட் கட்டணம் கட்ட முடியாதவர்கள் வருகிறார்கள். ஒற்றை அறையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் ஒன்றை மட்டும் வைத்துக் காலம் தள்ளுகிறவர்கள் வருகிறார்கள். வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற பொருளாகப் பார்த்து அவர்களுக்குத் தனிப் பை கட்டுவோம். ஒருநாள் ஒரு பெண், நாங்கள் கொடுத்த பையிலிருந்து இரண்டு டின்னை எடுத்து, யாரும் பார்க்காத மாதிரி மேஜையில் திருப்பி வைத்தார். பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டால், டின் திறப்பான் வீட்டில் இல்லையாம். இப்போது அந்த அலமாரியில் வளையம் இழுத்துத் திறக்கும் டின்தான் வைக்கிறோம்.

பொருளாளர் அண்ணா, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். நீங்கள் கணக்குக் கேட்பது தப்பே இல்லை. கட்டட நிதியில் நடந்ததற்குப் பிறகு கேட்காமல் இருந்தால்தான் தப்பு. ஆனால் வாங்கியவர் பெயர், கையெழுத்து, போட்டோ வேண்டும் என்கிறீர்களே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளே வந்தது எத்தனை கிலோ, வெளியே போனது எத்தனை கிலோ, தேதி முடிந்து தூக்கிப்போட்டது எவ்வளவு, எத்தனை வீட்டுக்குப் போனது, இவ்வளவும் தராசிலும் நோட்டிலும் இருக்கும். அதை வாங்கி அனுப்பி வைக்கிறேன். தேவை உள்ளவர்தானா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. பிரிட்டனில் 2000-இல் சால்ஸ்பரியில் தன் முதல் உணவு வங்கியைத் தொடங்கிய ட்ரசல் அமைப்பில், டாக்டரோ பள்ளிக்கூடமோ சமூகப் பணியாளரோ பரிந்துரைத்தால் மூன்று நாளுக்கான பொருள் தரும் முறை வந்தது. விசாரிப்பதை விசாரிக்கத் தெரிந்தவர் வேறு இடத்தில் செய்துவிடுகிறார். பை கொடுக்கிறவர் யாரையும் குடைய வேண்டியதில்லை.

கடைக்காரன் நல்ல பொருளை ஏன் சும்மா தருகிறான் என்றும் கேட்டிருந்தீர்கள். பெட்டி நசுங்கியிருக்கும், லேபிள் தப்பாக ஒட்டியிருக்கும், அளவுக்கு மேல் வாங்கிக் குவித்திருப்பார்கள். உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் முதல் உணவு வங்கியை ஆரம்பித்ததே இதை வைத்துத்தான். கடையின் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த ஒரு தாய், வேண்டாததைப் போட்டுவைக்கவும் வேண்டியவர் எடுத்துக்கொள்ளவும் பேங்க் மாதிரி ஓர் இடம் இருக்கலாமே என்று அவரிடம் சொன்னாராம். யாருக்காவது உடம்புக்கு வந்தால் யார் பொறுப்பு என்ற பயம் கடைக்காரர்களுக்கும் இருந்தது. நல்லெண்ணத்தில் கொடுத்தவர் மேல் வழக்கு வராதபடி அமெரிக்காவில் 1996-இல் சட்டமே போட்டார்கள். பிரான்ஸில் 2016-இல் வந்த சட்டப்படி, பெரிய கடைகள் விற்காத நல்ல உணவை வேண்டுமென்றே வீணாக்கக் கூடாது.

பணம் வேண்டாம், ஆளுக்கொரு பெட்டி பொருள் அனுப்பலாம் என்று அத்தான் சொன்னார். பண்டிகை மாதத்தில் அப்படி வந்து குவியும், வைக்க இடம் இருக்காது. இரண்டு மாதம் கழித்து அலமாரி காலி. எங்களுக்கு இன்று குறைவது குளிர்பெட்டியும் வண்டிக்கு எரிபொருளும்தான். காய்கறியும் பாலும் தரக் கடைகள் தயார், எடுத்துவந்து கெடாமல் வைக்க வழியில்லாமல் பாதியை வேண்டாம் என்கிறோம். அதனால்தான் சங்கத்திடம் பணமாகக் கேட்டேன்.

அப்புறம், மாமா எழுதியது அழகான மடல். வடலூரில் வள்ளலார் 1867-இல் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் சோறு போடுகிறது, நாமும் சமைத்தே போடலாமே என்று கேட்டிருந்தார். பசியோடு வருகிறவருக்கு அந்த இடத்திலேயே இலை போடுவதற்கு ஈடு எதுவும் இல்லை, மாமா. ஆனால் குழந்தைகள் உள்ள வீட்டில் பொருளைக் கொண்டுபோய் அம்மா தன் கையால் சமைத்தால், அது வழக்கமான ராத்திரிச் சாப்பாடு. என் மகனுக்கு அந்த ஐந்து மாதம் இன்றுவரை தெரியாது.

தீர்மானத்தை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வையுங்கள். வேண்டாம் என்கிறவர்கள் அங்கே சொல்லட்டும், நான் பதில் சொல்கிறேன்.

சித்தப்பா, அந்த மடலைக் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை இன்னும் இந்தக் குழுவில் இருக்கிறார்.

அன்புடன்,
வடக்குத் தெரு சின்னவள்