மறு: 'ரூஸ்ட்' தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

விண்ட்சர்:
எல்லோருக்கும் வணக்கம். வருகிற அக்டோபரில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளைப் பாயிண்ட் பீலி சதுப்புக்குக் கூட்டிப் போகிறோம். கனடாவில், ஈரி ஏரிக்கரை. தெற்கே வலசை போகிற செந்தோள் பிளாக்பேர்டும் கிராக்கிளும், கூடவே ஸ்டார்லிங்கும் என்று பறவைகள் பொழுதுபட ஆயிரக்கணக்கில் சம்புப் புல்லுக்குள் இறங்கும். பறவைகள் இப்படி இரவில் கூடித் தங்கும் இடத்தைத்தான் ஆங்கிலத்தில் 'ரூஸ்ட்' என்கிறார்கள். கையேட்டில் அதற்குக் 'கூடு' என்று எழுதியிருந்தேன். போன வருடம் ஒரு பெடியன், "ரீச்சர், கூட்டைக் காணேல்லையே" என்றான். கூடு கட்டுவது வசந்தத்தில். இது வெறும் இராத் தூக்கம். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

மதுரை:
அம்மா, தேடவே வேண்டாம். சேக்கை. சங்கப் பாட்டிலேயே உண்டு. குடம்பை வேறு, அது கூடு. 'சே' என்றால் தங்கு, துயில். எங்கள் பக்கத்துச் 'சேக்காளி'யும் இதன் பிள்ளைதான் என்பது என் துணிபு: ஒன்றாகப் படுத்தெழுகிற தோழன்.

கோவை:
ஐயா, சேக்காளி 'சேர்க்கை'யிலிருந்து வந்ததா என்று போன வருடமே நாற்பது மடல் போட்டு ஓய்ந்தோம். எங்கள் வீட்டில் சாயங்காலம் கோழி அடையும், குளத்து மரத்தில் கொக்கு அடையும். 'அடைவு' போதும்.

விண்ட்சர்:
தம்பி, எங்கட ஊரில் அடைவு என்றால் நகையை வைத்துக் காசு வாங்குவது. பிள்ளைகளின் அம்மம்மாக்கள் சிரிப்பார்கள்.

சென்னை:
இங்கே பள்ளிக்கூடத்தில் 'கற்றல் அடைவு' வேறு இருக்கிறது. வெறும் 'அடை' என்றால் அடைகாத்தல், திரும்பவும் முட்டைக்கே போய்விடுவோம். 'வதிவிடம்'?

விண்ட்சர்:
அதற்குக் கிராம அலுவலர் சான்றிதழ் தருவார்.

பெங்களூரு:
நான் வானிலை ரேடார் பார்க்கிறவன். விடியும்போது இந்தக் கூட்டம் நாலா பக்கமும் ஒரே சமயத்தில் கிளம்புவது திரையில் விரிகிற வளையமாகத் தெரியும். அதற்கும் பெயர் வைக்க வேண்டும், ஆகவே வேறு சொற்களோடு ஒட்டுகிற சொல்லாகப் பாருங்கள். வினையும் வேண்டும். 2010 டிசம்பர் 31 இரவு, ஆர்கன்சா மாநிலத்தில் பீபி என்ற ஊரில், வாணவேடிக்கைச் சத்தத்தில் அடைந்திருந்த பறவைகள் கலைந்து, இருட்டில் வீடுகளிலும் மரங்களிலும் மோதி ஆயிரக்கணக்கில் விழுந்து செத்தன. 'அடைந்திருந்த' என்று என்னையறியாமல் வந்துவிட்டது, பார்த்தீர்களா? 'சேத்திருந்த' என்று எழுதியிருந்தால், வெடிக்கு முன்னமே செத்துவிட்டதாக வாசிப்பீர்கள்.

சென்னை:
அப்புறம், பிளாக்பேர்டை அப்படியே விடலாமா? கரும்பறவை?

விண்ட்சர்:
அதைத் தொடாதீர்கள். ஐரோப்பாவின் பிளாக்பேர்ட் பூங்குருவிக் குடும்பம். இது அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய வேறு குடும்பம். அதிலும் செந்தோளின் பெட்டை கறுப்பே இல்லை, பழுப்பில் கோடு கோடாக இருக்கும்.

மதுரை:
'வலசை' ஒரு காலத்தில் படைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய மனிதருக்கான சொல். அதைப் பறவைக்குக் கொடுத்தோம், பிள்ளைகள் கற்றுக்கொள்ளவில்லையா? சேக்கையையும் கற்பார்கள்.

கோவை:
வலசை பேச்சில் உயிரோடு இருந்தது ஐயா. சேக்கையை யார் வாயில் கேட்டீர்கள்?

விண்ட்சர்:
நாளை வெள்ளி. 'அடையுமிடம்' என்று போடுகிறேன், மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள். சேக்கை அடைப்புக்குறிக்குள் இருக்கும். ரேடார் வளையத்தைப் பிறகு பார்ப்போம்.

மதுரை:
அடையுமிடம் விளக்கம்தான், கலைச்சொல் அல்ல. அடைப்புக்குறிக்குள் போக வேண்டியது அதுதான்.