டிரான்ஸ்கிரிப்ஷனுக்குத் தமிழில் என்ன? வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

லெஸ்டரிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

இங்குள்ள தமிழ்ப் பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூட்டிவரும் தாத்தா பாட்டிமார், வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருக்கிறார்கள். நான் வீட்டில் செய்யும் ஒரு வேலையைச் சொன்னதும் தங்களுக்கும் அதைக் கற்றுத்தரும்படி கேட்டார்கள். வரும் சனிக்கிழமை முதல் அமர்வு. இரண்டு பக்கத்தில் தமிழ்க் கையேடு ஒன்று வியாழன் இரவுக்குள் அச்சுக்குப் போக வேண்டும். தலைப்பிலேயே நிற்கிறேன்.

வேலை இதுதான். இங்கிலாந்தின் பழைய தேவாலயப் பதிவேடுகளின் படங்கள் திரையில் வரும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்று வகை; நான் செய்வது திருமணம். கையெழுத்தைப் படித்து, மணமகன், மணமகள், ஊர், நாள், சாட்சிகள் என்று கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்து ஃப்ரீரெக் தளத்துக்கு அனுப்பினால், தங்கள் முன்னோரைத் தேடுகிறவர்கள் யாரும் காசு கொடுக்காமல் அங்கே தேடிக்கொள்ளலாம். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவிட்டதிலிருந்து தொடங்கும் ஏடுகள். 1754 மார்ச் 25க்குப் பிறகு திருமணத்துக்குத் தனி ஏடு, இரண்டு சாட்சிகள், மணமக்களின் கையொப்பம் எல்லாம் கட்டாயம். 1837 ஜூலையிலிருந்து தந்தையின் பெயரும் தொழிலும் சேர்ந்தன. தாயின் பெயர் ஏறியது 2021 மே மாதத்தில்தான். இதைச் சொன்னபோது பாட்டிமார் வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள்.

வேலையின் முதல் விதி: கண்ணுக்குத் தெரிவதை அப்படியே எழுது, திருத்தாதே. ஒரே பதிவில் எழுத்தர் ஸ்மித் என்பதற்கு ஐ போட்டிருப்பார், கீழே மாப்பிள்ளை வொய் போட்டுக் கையெழுத்திட்டிருப்பார். இரண்டும் உள்ளபடியே ஏற வேண்டும். ஓர் எழுத்து தெரியாவிட்டால் அடிக்கோடு. பல எழுத்துகள் தெரியாவிட்டால் உடுக்குறி (*). ஊகித்து நிரப்பக் கூடாது.

இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்?

---

சென்னையிலிருந்து

படியெடுத்தல். எங்கள் மென்பொருள் மொழியாக்கத்தில் இதைத்தான் போடுகிறோம். ஐந்து நிமிட வேலை.

---

கோவையிலிருந்து

ஐந்து நிமிடத்தில் முடியாது, தம்பி. பன்னிரண்டாம் வகுப்பில் நான் நடத்தும் பாடத்தில் டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ உருவாவதுதான் படியெடுத்தல். அதற்கு அடுத்த படி மொழிபெயர்த்தல். பிள்ளைகள் இந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தானே என்று கேட்பீர்கள். அந்தக் குழப்பத்தை நாமும் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

---

புதுச்சேரியிலிருந்து

உயிரியலுக்கு முன்பே அந்தச் சொல் கல்வெட்டுத் துறையினுடையது. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்தில் தாளை இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்போம். அதுதான் மைப்படி. அதை எடுப்பதுதான் படியெடுத்தல். எடுக்கிறவருக்கு எழுத்து தெரிய வேண்டியதே இல்லை. கை பழகியிருந்தால் போதும். பிறகு ஒருவர் அதைப் படித்து எழுதுகிறாரே, அது வேறு வேலை. அதை வாசிப்பு என்போம், எழுதியதைப் பாடம் என்போம்.

லெஸ்டர் அம்மா சொல்வது இரண்டாவது வேலை. படம் எடுத்தவர் முன்பே படியெடுத்துவிட்டார். ஆகவே படியெடுத்தல் இங்கே பிழை.

---

நெல்லையிலிருந்து

அன்புடையீர், இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. ஏட்டுச்சுவடிக் காலத்திலேயே இருக்கிறது: பெயர்த்தெழுதல். பழைய ஏடு செல்லரிக்கத் தொடங்கியதும் புது ஓலைக்கு மாற்றி எழுதுவார்கள். வழிநூலின் வகைகளைச் சொல்லும் தொல்காப்பிய மரபியல் ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்கிறது. குறுந்தொகையில் மாமூலனார் ‘மொழிபெயர் தேஎத்தர் ஆயினும்’ என்கிறார். மொழி மாறிப்போகும் நாடு என்பது பொருள். பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. இருந்த இடத்திலிருந்து பத்திரமாக எடுத்து இன்னோர் இடத்தில் வைப்பதுதான் பெயர்த்தல். நாற்றைப் பெயர்த்து நடுகிறோம், வேர் அறுவதில்லை. பதிவேட்டிலிருந்து கணினிக்கு எழுத்தைப் பெயர்த்து வைக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆளைக் குறிக்கும் பெயரும் இந்த வேர்தான். ஒருவர் போனாலும் அவர் பெயர் வாய்க்கு வாய் பெயர்ந்துகொண்டே இருக்கிறது. முன்னோர் பெயர்களைப் பெயர்த்தெழுதுகிறவர்களுக்கு வேறு சொல் எதற்கு?

---

புதுச்சேரியிலிருந்து

ஐயா, முதல் பத்தியோடு உடன்படுகிறேன். இரண்டாவது பத்தி மனத்தைத் தொடுகிறது, ஆனால் வேர் அதுவன்று. ஆளைக் குறிக்கும் பெயருக்குக் கன்னடத்தில் ஹெசரு, பழைய வடிவம் பெசர். நம் யகரம் அங்கே சகரம். நகர்வதைக் குறிக்கும் பெயர் வேறு சொல். இன்று ஒரே வடிவில் வந்து நிற்கின்றன, அவ்வளவுதான்.

---

நெல்லையிலிருந்து

சகரம் யகரமானதா, யகரம் சகரமானதா என்பதைத் தனி இழையில் பேசுவோம். நான் மாற்றிக்கொள்ளவில்லை.

---

லெஸ்டரிலிருந்து, செவ்வாய்

ஐயா, பெயர்த்தெழுதல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஒரு கவலை. ஏடு பெயர்த்தெழுதியவர்கள் திருத்தினார்களே! ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று வைக்க மாட்டார்கள். ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். எகர ஏகார வேறுபாடு தெரியாது. அடுத்தவர் தமக்குப் பட்டபடி எழுதுவார், அவரைப் பார்த்து எழுதுபவர் இன்னும் கொஞ்சம் ‘சரி’ செய்வார். பாடபேதங்கள் பலவும் அப்படிப் பிறந்தவைதானே? ‘படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்று நம் ஊரிலேயே சொல்வார்கள்.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். தொடக்கத்தில் ஒரு பதிவில் ஜெ, என், ஓ என்று மூன்றெழுத்து; ஓ மட்டும் சற்று மேலே ஏறி நின்றது. ஜோனா என்று நானே முடிவுசெய்து போட்டுவிட்டேன். அது ஜான் என்பதற்கு அந்தக் காலத்து எழுத்தர்கள் வழக்கமாகப் போட்ட சுருக்கம். சரிபார்த்தவர் பிடித்ததால் போயிற்று. இல்லாவிட்டால் அந்த ஜானை அவருடைய வம்சத்தார் எந்தக் காலத்திலும் கண்டுபிடித்திருக்க முடியாது. எனக்கு வேண்டிய சொல்லைக் கேட்டதும் கை தானாகத் திருத்தாமல் நிற்க வேண்டும்.

---

யாழ்ப்பாணத்திலிருந்து

தங்கச்சி, அப்படியென்றால் பார்த்தெழுதல். முதலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விளங்கும். பார்த்ததை எழுது. ஊகிப்பதற்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை.

எங்கள் பக்கத்தில் திருமணப் பதிவுக்கே ‘எழுத்து’ என்றுதான் பெயர். ‘பிள்ளைக்கு எழுத்து முடிந்துவிட்டது, கலியாணம் தையில்’ என்போம். எனவே பார்த்தெழுதல் எங்கள் காதில் இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

பதிவேட்டுக்கு என்ன போடுகிறீர்கள்? தோம்பு என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். போர்த்துக்கேயரிடமிருந்து வந்து, ஒல்லாந்தர் காலத்தில் ஊன்றிய சொல். காணித் தோம்பு, தலைத் தோம்பு போலப் பள்ளிக்கூடத் தோம்பும் இருந்தது. ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் சட்டம்பியார், அதாவது பள்ளி ஆசிரியர், அதில்தான் பதிந்தார். நீங்கள் செய்யும் வேலைக்கு மிகக் கிட்டிய ஏடு அது.

---

சென்னையிலிருந்து

அக்கா, பார்த்து எழுதுவது என்றால் இங்கே பரீட்சையில் காப்பி அடிப்பது. கையேட்டின் தலைப்பில் அது வந்தால் எப்படி இருக்கும்? தோம்பு என்றால் சென்னையில் யாருக்கும் தெரியாது. பதிவேடு போதும்.

---

கோவையிலிருந்து

பரீட்சை நினைவு நமக்குத்தான். தொடக்கப் பள்ளியில் பார்த்து எழுதுதல், சொல்வதை எழுதுதல் இரண்டும் மரியாதையான பயிற்சிகள். பார்த்து எழுதுகிற பிள்ளை ஒரு புள்ளியை விட்டாலும் மதிப்பெண் போகும். இந்த வேலைக்கு வேண்டிய ஒழுக்கம் அதுதான். நான் பார்த்தெழுதல் பக்கம்.

---

நெல்லையிலிருந்து

பார்த்தல் வேண்டுமென்றால் ‘கண்டெழுதல்’ என்றாவது வையுங்கள். செறிவு இருக்கும்.

---

கோவையிலிருந்து

ஐயா, ‘கண்டதையும் எழுதுகிறான்’ என்று திட்டுவதை மறந்துவிட்டீர்களா?

---

லெஸ்டரிலிருந்து, புதன்

தலைப்பைக் கொஞ்சம் ஒத்திவைக்கிறேன். உள்ளே வரும் சொற்களிலும் உதவி வேண்டும்.

திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அறிவிப்பார்களே, அதற்கு ‘ஓலை வாசித்தல்’ என்று போட்டுவிட்டேன். கத்தோலிக்கப் பாட்டி ஒருவர் கேட்டதுமே சொன்னார். பாரிஷ் என்பதற்கு அவர் சொன்னது ‘பங்கு’.

மணமாகாத பெண்ணை ஏட்டில் ஸ்பின்ஸ்டர் என்று குறிப்பார்கள். நூல் நூற்பவள் என்பது அதன் பழைய பொருள். நேர்ச்சொல் இருக்கிறதா?

அடுத்தது எனக்கு முக்கியமானது. எழுதத் தெரியாத மணமக்கள் ஒரு பெருக்கல் குறி இடுவார்கள். பக்கத்தில் எழுத்தர் ‘இன்னாருடைய அடையாளம்’ என்று எழுதுவார். அந்தக் குறிக்கு என்ன பெயர்?

---

நெல்லையிலிருந்து

எங்கள் சபையில் பங்கு என்பதில்லை, சேகரம் என்போம். அதையும் ஒரு வரி குறித்துவையுங்கள்.

ஸ்பின்ஸ்டர் பற்றிப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. நற்றிணை 353ஐ எடுத்துப் பாருங்கள். ‘ஆளில் பெண்டிர் தாளிற் செய்த நுணங்கு நுண் பனுவல் போல’ என்கிறார் கபிலர். ஆள் துணையில்லாத பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலைப் போல மலையில் மேகம் படர்கிறது! ஆங்கிலேயர் ஏட்டில் இருப்பது நம் மலைப்பாட்டில் இருக்கிறது. பனுவல் என்றால் பஞ்சு, நூல், புத்தகம் மூன்றும். ‘பனுவலாள்’ என்று ஆக்கிவிடலாம்.

---

புதுச்சேரியிலிருந்து

அருமையான வரி, ஐயா. ஆனால் ஆளில் பெண்டிர் என்றால் கைம்பெண்களும் அடங்குவார்கள். அந்த ஏட்டில் விதவை என்பது தனிக் குறிப்பு. குடும்ப வரலாறு தேடுபவருக்கு அந்த வேறுபாடுதான் உயிர். ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் பிறந்த வீட்டுடையதா முதல் கணவனுடையதா என்பதையே அது தீர்மானிக்கும். மணமாகாதவர் என்றே எழுதுங்கள்.

பெருக்கல் குறிக்கு நம்மிடம் மிகச் சரியான சொல் உண்டு: தற்குறி. எழுதத் தெரியாதவர் கையொப்பத்துக்குப் பதிலாகத் தாமே இடும் குறி. தன் + குறி. இதைவிட நேரான சொல் கிடைக்காது.

---

யாழ்ப்பாணத்திலிருந்து

அகராதியில் அது சரிதான். ஆனால் என் அம்மம்மாவைத் தற்குறி என்று சொன்ன வீட்டில் வளர்ந்தவள் நான். குறியின் பெயர் ஆளின் மேல் ஏறி வசவாகிவிட்டது. அந்தக் கையேட்டை வாசிக்கப் போகிற பாட்டிமாரில் யாருடைய தாயும் அப்படிக் குறி வைத்திருக்கக்கூடும். வேண்டாம்.

---

புதுச்சேரியிலிருந்து

வசவானதற்காக ஒரு நல்ல சொல்லைக் கைவிட்டால், வசவு மட்டும்தான் மிஞ்சும். பயன்படுத்தித்தான் மீட்க முடியும்.

---

யாழ்ப்பாணத்திலிருந்து

மீட்கும் வேலையை வேறு இடத்தில் செய்யுங்கள். சனிக்கிழமை அந்த வகுப்பில் வேண்டாம்.

---

சென்னையிலிருந்து

கைநாட்டு?

---

கோவையிலிருந்து

அது பெருவிரல் ரேகை. அதுவும் இன்று ஏச்சுதான். ‘கைக்குறி’ என்று எளிமையாக வைத்துவிடலாமே.

---

லெஸ்டரிலிருந்து, வியாழன் மாலை

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். முடிவுகள்: பதிவேடு, பங்கு (அடைப்பில் சேகரம்), ஓலை வாசித்தல், மணமாகாதவர், கைக்குறி. தற்குறி பற்றி இரு தரப்பும் சொன்னதைப் பலமுறை படித்தேன். யாழ்ப்பாணத்து அக்கா சொன்னதைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.

தலைப்பில் ‘பார்த்தெழுதல்’. மூவர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. சென்னைத் தம்பி இன்னும் படியெடுத்தல்தான் என்கிறார். நெல்லை ஐயாவின் நாற்று எடுத்துக்காட்டை இரண்டாம் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். அதைவிட நன்றாக என்னால் விளக்க முடியவில்லை.

ஒரு செய்தி. நம்மூர்ப் பக்கமும் இந்த வேலை நடக்கிறது. சென்னை, வங்கம், பம்பாய் மாகாணங்களின் தேவாலயப் பதிவுகளுக்கு லண்டனுக்கு அனுப்பப்பட்ட நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஃபிபிஸ் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் அவற்றிலிருந்து பெயர்களைத் தட்டச்சு செய்து தருகிறார்கள். சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்தில் 1680 நவம்பர் 4ஆம் தேதி நடந்த, பின்னாளில் சென்னை ஆளுநரான எலிஹு யேலின் திருமணம்தான் அங்கே பதிவான முதல் திருமணம்.

---

புதுச்சேரியிலிருந்து

லண்டனுக்குப் போனது நகல் என்றால், அதைப் பார்த்தெழுதுவது நகலின் நகல். மூல ஏட்டைப் பார்த்து எழுதுவதையும் நகலைப் பார்த்து எழுதுவதையும் பிரித்துக் காட்ட இரண்டு சொல் வேண்டாமா? முதலது மூலப்பாடம் என்றால்...

---

சென்னையிலிருந்து

ஐயா, இன்று வேண்டாம்.

---

நெல்லையிலிருந்து, வெள்ளி

பார்த்தெழுதலை நான் ஏற்கவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். பார்ப்பது கண்ணின் வேலை. ஐந்து தலைமுறைக்கு முந்தைய கையெழுத்தைப் படிக்கிறவர் கண்ணால் மட்டும் படிப்பதில்லை.

கையேட்டின் மின்படியை எனக்கும் அனுப்புங்கள், அம்மா. எங்கள் சேகரத்தில் பழைய விவாகப் பதிவேடு ஒன்று பீரோவில் இருக்கிறது. மழைக்காலம் வருவதற்குள் பையன்களை வைத்து எழுதிவிடலாம் என்று குருவானவரிடம் பேசியிருக்கிறேன். தலைப்பை மட்டும் என் படியில் பெயர்த்தெழுதல் என்று மாற்றிக்கொள்கிறேன்.