மறு: ‘தேய்விடைவெளி’க்கு மாற்றாக ‘மசகிடை’

அனைவருக்கும் வணக்கம். எஞ்சின் சொற்களுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலுக்கு வந்த ஒரு முன்மொழிவுக்கு இது என் மறுமொழி.

> கிராங்க் தண்டுக்கும் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள சந்தினைத் ‘தேய்விடைவெளி’ எனலாம். அது கூடக்கூட ஆயில் பிரஷர் இறங்குகிறது.

ஐயா, கூடினால் பிரஷர் இறங்கும் என்பது சரி. ஆனால் அந்தச் சந்து தேய்மானத்தால் வந்ததல்ல. புது எஞ்சினிலேயே கணக்குப் பார்த்து விடுவது. தண்டின் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய பட்டறைக் கணக்கு: 75 மி.மீ. தண்டுக்கு 0.075 மி.மீ. அங்கே எண்ணெய்ப் படலம் நிற்பதால்தான் தண்டு உலோகத்தில் உரசாமல் மிதந்து சுற்றுகிறது. ‘தேய்விடைவெளி’ என்று படிக்கும் மாணவர், சந்து இருப்பதே கோளாறு என்று எடுத்துக்கொள்வார். அதனால் ‘மசகிடை’ என்று முன்வைக்கிறேன். மசகு, அதாவது உராய்வைக் குறைக்கும் எண்ணெய், நிற்கும் இடை.

பழைய டீசல் எஞ்சினின் பிரஷர் மீட்டரைப் படிக்கவும் இந்தச் சொல் உதவும். பம்பு எண்ணெயைத் தள்ள மட்டுமே செய்கிறது. அது வெளியேறும் வழி குறுகலாக இருப்பதால்தான் அழுத்தம் எழுகிறது. மசகிடை இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் ஒழுகும் எண்ணெய் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. பம்பு வேகமாகச் சுற்றும்போது ஓரளவு ஈடுகட்டிவிடும். எஞ்சின் சூடாகி எண்ணெய் இளகிய பின், ஐடிலில் (சுமை இல்லாமல் மெதுவாகச் சுற்றும் நிலையில்) அது முடியாது. குளிர்ந்த எஞ்சினில் முள் உயரத்தில் நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் ஒரு முறை, வேலை செய்யும் வேகத்தில் ஒரு முறை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். ஒற்றை அளவைவிட, அந்தக் குறிப்பில் தெரியும் இறக்கமே நிறையச் சொல்லும். எச்சரிக்கை விளக்கை நம்பிக் காத்திருக்கவே கூடாது. பல எஞ்சின்களில் அழுத்தம் அரை பாருக்கும் (bar, அழுத்த அலகு) கீழே போன பிறகுதான் அது எரியும்.

அப்புறம், முள் இறங்கியதும் மசகிடையின் மேல் பழி போட வேண்டாம். சென்சார் பொய் சொல்லலாம். குழாய் வழி நேராக இணைக்கும் மீட்டரை மாட்டிச் சரிபார்க்க வேண்டும். ஆயில் குச்சியில் மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால், டீசல் கலந்து எண்ணெய் நீர்த்திருக்கிறது. உறிஞ்சு வடிகட்டி அடைத்திருக்கலாம். அழுத்தம் மிஞ்சும்போது எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வில் துகள் சிக்கி மூடாமல் நிற்கலாம். இவற்றைப் பார்க்காமல் கெட்டியான ஆயில் ஊற்றினால் முள் ஏறும், நோய் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். எனக்கு அந்த வைத்தியத்தில் உடன்பாடே இல்லை.

> அப்படியானால் வால்வைத் தள்ளும் டேப்பெட்டில் விடும் இடைவெளியும் மசகிடைதானா?

இல்லை. அது வால்வுத் தண்டு சூட்டில் நீள்வதற்காக விடுவது. எண்ணெய் தாங்கி நிற்கும் இடம் அல்ல. அதற்கு ‘விரிவிடை’ பொருந்தும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘clearance’ என்ற ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

‘மசகிடை அளவு’, ‘மசகிடைப் பெருக்கம்’ ஆகிய தொடர்களையும் பட்டியலில் சேர்க்கலாம். ரிலீஃப் வால்வுக்கு முன்மொழிந்த ‘அழுத்தத் தணிப்பி’ எனக்குச் சம்மதமே. பட்டறையில் பாடம் நடத்துபவர்கள் ‘மசகிடை’யை வகுப்பில் சொல்லிப் பார்த்து, மாணவர்களின் வாயில் நிற்கிறதா என்று எழுதுங்கள்.