யூனிட் கியூப்: அலகுக் கனசதுரமா, கனக்கட்டையா?

எல்லோருக்கும் வணக்கம். கன அளவை எண்ணிப் பார்க்க அடுக்குகிற, எல்லாப் பக்கமும் ஒரே அளவுள்ள சின்னக் கட்டைதான் யூனிட் கியூப். நம் பயிற்சி ஏட்டில் அதைக் 'கனக்கட்டை' என்று அழைக்கலாம் என்றேன். அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> பாடநூலில் 'அலகுக் கனசதுரம்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஓசூர் ஐயாவின் கேள்வி நியாயமானது. மேல்வகுப்புக்கு அந்தச் சொல்லே போதும். ஆனால் நாம் தயாரிப்பது நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பயிற்சி ஏடு. அங்கே அந்தச் சொல்லின் முன்பாதியும் இடிக்கிறது, பின்பாதியும் இடிக்கிறது.

பென்னாகரம் பக்கம் ஒரு பிள்ளையிடம் அலகு என்றால் என்ன என்று கேளுங்கள். கிளி மூக்கு என்னும், இல்லாவிட்டால் கோயில் திருவிழாவில் அலகு குத்துவதைச் சொல்லும். சரி, யூனிட் என்றே வைத்துக்கொள்வோம் என்றால் அது இன்னும் வம்பு. ஜல்லியும் எம்-சாண்டும் யூனிட் கணக்கில்தான் விற்கிறார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. டிப்பர் ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அது மனப்பாடம். மற்ற பிள்ளைகளுக்கு யூனிட் என்றால் கரண்ட் பில்.

இதையெல்லாம்கூட விளக்கிச் சமாளித்துவிடலாம். என் பெரிய ஆட்சேபம் 'சதுரம்' மீதுதான். நீளம் 4, அகலம் 3, உயரம் 2 என்று கட்டைகளை அடுக்கிய படம் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து, "இதில் எத்தனை இருக்கு?" என்று கேட்டால் வகுப்பில் நிறையப் பேர் 26 என்கிறார்கள். மேலே 12, முன்னால் 8, பக்கவாட்டில் 6. கண்ணுக்குத் தெரிகிற சதுரங்களை ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மூலையில் உள்ள கட்டையை மூன்று தடவை எண்ணியதும் தெரியாது, பின்னால் மறைந்திருக்கும் 6 கட்டைகளை விட்டதும் தெரியாது. சரியான விடை 24.

இந்தக் குழப்பம் பல நாட்டு வகுப்பறைகளிலும் உண்டு, தமிழால் வந்ததல்ல. ஆனாலும் சதுரத்தை எண்ணாதே என்று சொல்ல வேண்டிய இடத்தில், எண்ண வேண்டிய பொருளின் பேரிலேயே சதுரத்தை வைத்துக் கொடுப்பானேன்?

இதோடு ஏட்டின் படங்களைப் பற்றியும் ஒன்று. 3×3×3 படத்தைத் தயவுசெய்து முதல் எடுத்துக்காட்டாக வைக்க வேண்டாம். அதில் தெரிகிற சதுரங்களும் 9+9+9 = 27, உள்ள கட்டைகளும் 27. தப்பாக எண்ணின பிள்ளைக்கும் சரி போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம்.

என் பரிந்துரை: கனக்கட்டை.

கட்டை என்பது கையில் எடுத்து அடுக்குகிற பொருள். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தாயக்கட்டை தெரியும். கீழ் அடுக்கில் வரிசைக்கு 4 கட்டை, 3 வரிசை, ஆக 12. அதன் மேல் இன்னொரு அடுக்கு, 24. நீளம் × அகலம் × உயரம் என்ற சூத்திரத்தைப் பிறகு எழுதிப் போட்டால் அது ஏற்கெனவே கையால் செய்ததாக இருக்கும். "இந்தப் பெட்டி 24 கனக்கட்டை கொள்ளும், அதன் கன அளவு 24 கன செ.மீ." என்று வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன், இடறவில்லை. மேல்வகுப்புக்குப் போகும்போது கட்டை கழன்றுவிடும், 'கன' மட்டும் கூடவே வரும்.

வடிவத்தின் பெயர் கனசதுரம்தான், அதில் நான் கைவைக்கவில்லை. கோடு வேறு, அதை அளக்கிற ஸ்கேல் வேறு. அதுபோல வடிவம் வேறு, அளக்கிற கட்டை வேறு.

> 'கன' என்றால் பிள்ளைகள் எடை என்று நினைக்கும். 'கன அளவு' என்பதைவிடப் 'பருமன்' மேல்.

சேலத்து அம்மா சொல்வது உண்மை, "மூட்டை கனமா இருக்கு" என்று பேசுகிற பிள்ளைகள்தான் இவர்கள். ஆனால் எங்கள் மாவட்டத்தில் மழைக்காலம் வந்தால் தினமும் டிவியில் ஒகேனக்கல் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று ஓடுகிறது. எடை இல்லாத 'கன' எங்கள் பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறது. ஒரு கன அடி தண்ணீர் சுமார் 28.3 லிட்டர், ஏறக்குறைய இரண்டு குடம். (செய்தியில் வருவது 'வினாடிக்கு' இத்தனை கன அடி, அந்த 'வினாடிக்கு' பல நேரம் விழுங்கப்பட்டுவிடும். ஏட்டில் அதைச் சேர்த்தே எழுத வேண்டும்.)

பருமன் அறிவியல் பாடத்தில் நிலைத்துவிட்டது, அடர்த்திக் கணக்கில் அதுதான் வருகிறது. வெளியே அதற்கு உடல் பருமன் என்றுதான் பொருள். கணக்கு ஏட்டில் கன அளவையே வைத்துக்கொண்டு, "அறிவியலில் இதைப் பருமன் என்பார்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கன அளவுக்குக் 'கனவம்' என்ற புதுச்சொல் கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் விளக்கம் சொல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் புரியாது.

> கிரானைட் குவாரியில் ஒரு கன மீட்டரையும் கட்டை என்பீர்களா?

கிருஷ்ணகிரி நண்பர் கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி சரியானது. ஒரு கன மீட்டர் கிரானைட் இரண்டரை டன்னுக்கு மேல் வரும், அதைக் கட்டை என்றால் குவாரிக்காரர் சிரிப்பார். குவாரியில் அது பிளாக், அப்படியே இருக்கட்டும். கனக்கட்டை ஏட்டுக்கும் வகுப்பறைக்கும் மட்டும்தான், அதுவும் பக்கம் 1 செ.மீ. உள்ள கட்டைக்கு.

உருளைக்கும் கூம்புக்கும் இந்தக் கட்டை உதவாது, வளைந்த ஓரத்தில் இடைவெளி விழும். உருளைக்கு நாணய அடுக்கு. கூம்புக்குக் கேழ்வரகு: உருளையின் அதே அடிப்பரப்பும் அதே உயரமும் உள்ள அட்டைக் கூம்பால் மூன்று முறை தலைதட்டி அள்ளிப் போட்டால் உருளை நிரம்பிவிடும். அங்கே புதுச்சொல் ஏதும் வேண்டியதில்லை.

கடைசியாக ஒற்று. கனசதுரம், கனச்சதுரம் என்று இரண்டு விதமாகவும் அச்சில் வருகிறது, அந்த வழக்கை இப்போது தொட வேண்டாம். கனக்கட்டைக்கு 'க்' கட்டாயம் வேண்டும் என்பேன். அது இல்லாமல் 'கனகட்டை' என்று எழுதினால் பிள்ளைகள் 'கனக அட்டை' என்று பிரித்துப் படிக்கும். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். இல்லையென்றால் ஏட்டின் சொற்பட்டியலில் ஒற்றோடு ஏற்றிவிடுகிறேன்.