வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைவு: புலமைப்பரிசில் பரீட்சையில் உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்

மூதூர்ப் பக்கத்து ஆசிரியை:

பதினொரு வருடமாகத் தரம் ஐந்துக்குக் கற்பிக்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற வகுப்பு அது. வெட்டுப்புள்ளியை எட்டினால் பெயர்பெற்ற பாடசாலையில் இடம் கேட்கலாம், வசதி குறைந்த பிள்ளைக்கு உதவித்தொகையும் உண்டு. காலை பஸ்ஸைத் தவறவிட்டால் முச்சக்கரவண்டிதான் என்கிற தூரத்தில் எங்கள் பாடசாலை இருக்கிறது.

கடந்தகால வினாத்தாள்கள் எங்கள் வகுப்பில் ஒரே ஒரு கட்டுத்தான். பிள்ளைகள் பென்சிலை அழுத்தாமல் பிடித்து விடை எழுதுவார்கள். திருத்தியதும் அழித்துவிட்டு அடுத்த வரிசைக்குக் கொடுப்போம். வருட முடிவில் அடுத்த வகுப்புக்கு. அழித்து அழித்துச் சில தாள்கள் மெலிந்துபோய், பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் தெரிகிறது. நகரத்தில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு மூன்றாம் தரத்திலிருந்தே இரண்டு இடத்தில் ரியூசன், கிழமைக்கு இரண்டு புதிய மாதிரித் தாள். தங்கையைக் குறை சொல்ல மாட்டேன். வசதி இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அவளும் என் மாணவியும் ஒரே காலையில் ஒரே தாளைத் திறக்கிறார்கள்.

வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறுபடும். கொழும்புப் பிள்ளைக்கும் திருகோணமலைப் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு அதில் கணக்கில் வருகிறது. திருகோணமலை நகரத்துக்கும் அதே மாவட்டத்தின் ஒதுக்குப்புறமான ஈச்சிலம்பற்றுக்கும் உள்ள வேறுபாடு எந்தக் கணக்கில் வருகிறது? எனக்கு ஆறவே ஆறாத விடயம் இது.

ஒருமுறை யாரோ அச்சிட்ட மாதிரித் தாளில் வீதிச் சமிக்ஞை விளக்கை வைத்து ஒரு கேள்வி இருந்தது. நிறங்கள் மாறும் ஒழுங்கில் அடுத்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கரைவலைக்காரர் ஒருவரின் மகள் தாளோடு என் மேசைக்கு வந்து, "பச்சைக்குப் பிறகு எது வரும் ரீச்சர்? நான் கண்டதில்லையே" என்று கேட்டாள். காற்று எந்தப் பக்கம் திரும்பினால் அப்பா தோணி இறக்க மாட்டார் என்று கேட்டிருந்தால் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள். நுண்ணறிவை அளக்கிறோம் என்கிறோம். அந்தக் கேள்வி அளந்தது அவள் எந்த ஊரில் பிறந்தாள் என்பதைத்தான்.

அதே பிள்ளை 2024 செப்டெம்பர் 15ஆம் திகதி பரீட்சை எழுதினாள். முதலாம் பகுதியில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டிசெம்பர் 31ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த மூன்றுக்கும் எல்லோருக்கும் புள்ளி வழங்கச் சொன்னது. அதில் எனக்குக் கோபம் இல்லை. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகளை மறுபடி மண்டபத்தில் உட்கார வைப்பது அதைவிடக் கொடுமை. ஆனால் அந்த மூன்றையும் அவள் தானாகவே செய்து சரியான விடை எழுதியிருந்தாள். பெறுபேறு வந்தபோது வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைவு. "நான் பார்க்காமல்தானே எழுதினேன், ரீச்சர்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் அவளுடைய தலையைத் தடவினேன். பதில் சொல்ல முடியவில்லை.

சம்பூர்க்காரன்:

ரீச்சர், வாசித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். ஆனாலும் இந்தப் பரீட்சையை நிறுத்திவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2006இல் போருக்குப் பயந்து நாங்கள் ஊரைவிட்டு ஓடியபோது எனக்கு ஆறு வயது. 2010இல் கிளிவெட்டி முகாமிலிருந்துதான் பரீட்சை எழுதப் போனேன். சுட்டெண் அட்டையைச் சட்டையில் குத்த ஊசி இல்லாமல், பக்கத்துக் கொட்டில் மாமி தன் சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தந்தார். சித்தியடைந்தேன். நகரத்தில் விடுதியோடு இடம் கிடைத்தது.

தரம் ஒன்று அனுமதியை நினைத்துப் பாருங்கள். பெயர்பெற்ற பாடசாலைகளில் பாதி இடம் அருகில் வசிக்கிறவர்களுக்கு, கால்வாசி பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. காணி உறுதி, வாக்காளர் இடாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். எங்களிடம் இருந்தது நிவாரண அட்டை மட்டும்தான். என் அப்பா எந்தப் பாடசாலைக்கும் பழைய மாணவர் இல்லை. யாருடைய மகன் என்று கேட்காமல் எனக்குத் திறந்த கதவு இந்தப் பரீட்சை ஒன்றுதான்.

கதவை அகலமாக்கச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, மேலும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பதினெட்டு வயதில் பார்க்கிற நியாயத்தைப் பத்து வயதில் கல்வி வலயம் வலயமாகப் பார்த்தால் என்ன?

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்:

தம்பி சொல்வது சரி. ஆனால் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளையின் வீட்டையும் பாருங்கள். பெறுபேறு வந்த மூன்றாம் நாள் சந்தியில் பெரிய பதாகை கட்டினார்கள். சித்தியடைந்த பிள்ளைகளின் படம், புள்ளி, வாழ்த்து. என் மகன் கடைக்குப் போகச் சந்தியைத் தவிர்த்து, வாய்க்கால் ஓரமாகச் சுற்றிப் போகத் தொடங்கினான். ஒரு இறாத்தல் பாண் வாங்க இருபது நிமிடம். பதாகை வெயிலில் வெளுத்துக் கிழியும் வரை அப்படித்தான் போனான். வசதி குறைந்த பிள்ளைகளுக்கான உதவித்தொகை 750 ரூபாயிலிருந்து 1,500 ஆகியிருக்கிறது, சந்தோஷம். அந்தப் பதாகைகளையும் யாராவது நிறுத்த வேண்டும்.

மூதூர்ப் பக்கத்து ஆசிரியை:

தம்பி, அந்தச் சேலை ஊசியை என் வகுப்பில் சொல்லப்போகிறேன். கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வலய வாரியாகப் பார்க்கும் யோசனையை அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் எழுத்தில் கொடுக்கிறேன். உங்கள் கதையோடு கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும், உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும்.

கிண்ணியாத் தங்கச்சி, எங்கள் பாடசாலையில் இந்த முறை பதாகை வேண்டாம் என்று அதிபரிடம் பேசிவிட்டேன். பெற்றோரில் இரண்டு பேருக்கு மனவருத்தம்தான். அவர்கள் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசுவேன்.

மூதூர்ப் பக்கம் வருகிறவர்கள் வீட்டில் பழைய வினாத்தாள்கள் கிடந்தால் கொண்டுவந்து தாருங்கள். பென்சிலால் எழுதியவையாக இருந்தால் போதும், நாங்கள் அழித்துக்கொள்வோம்.