புதுப்பிப்பு: அக்கா மகளும் கியூட் தேர்வும்

மன்னார்குடியில் தமிழ்வழியில் பிளஸ் டூ படித்த அக்கா மகள், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர கியூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு) எழுதலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். எழுதிவிட்டாள். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தமிழில் எழுத முடியுமா என்பதுதான் அப்போது பெரிய சந்தேகம். முடியும். மொத்தம் 13 மொழிகள். விண்ணப்பிக்கும்போதே தேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தப்பானால் 1 போய்விடும். கணினியில் எழுதும் தேர்வு என்பதால், பாடத்தை விட அவளைப் படுத்தியது மவுஸ்தான். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கியூட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் இலவச மாதிரித் தேர்வைப் போட்டுப் பழகினாள். விடையைத் தொட்டுவிட்டு 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' அழுத்தாமல் வேறு கேள்வி எண்ணுக்குத் தாவினால் விடை பதிவாகாது என்பது அங்கேதான் பிடிபட்டது. இதை எந்தக் கோச்சிங்காரரும் சொல்லவில்லை! என்சிஇஆர்டி புத்தகமே (மத்திய அரசுப் பாடநூல்) போதும் என்று நீங்கள் சொன்னதும் சரியாக இருந்தது.

அப்புறம் ஒன்று: மதிப்பெண் வந்ததும் சீட் தானாக வராது. பொதுக் கலந்தாய்வு கிடையாது. அந்தந்தப் பல்கலைக்கழகத் தளத்தில் தனியாகப் பதிய வேண்டும். அத்தான் எதற்கும் இருக்கட்டும் என்று தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கும் போட்டு வைத்திருக்கிறார். அதற்குத்தான் 2007 முதல் நுழைவுத் தேர்வே இல்லையே.

நீலக்குடியில் இருக்கும் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படித்தவர்கள் இருந்தால் சாப்பாடு எப்படி என்று சொல்லுங்கள். அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.